ஐஸில் வைத்த ரத்தம்

என் தங்கை சுகிர்தா கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு இறால் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். வெள்ளைக் கோட்டு, தலையில் வலை, முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். அந்தக் கோலத்தில் அவள் நிற்கிற போட்டோ ஒன்று திருவள்ளூரில் என் வீட்டு டி.வி.க்கு மேலே மாட்டியிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள், "தங்கச்சி டாக்டரா?" என்று கேட்பார்கள். "இல்ல, இறாலு" என்பேன். எங்கள் குடும்பத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட முதல் ஆள் அவள்தான்.

எங்கள் அப்பா, அம்மா ஆரம்பாக்கத்தில் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டு, களை பறித்து எங்களை வளர்த்தார்கள். நான் பத்தாவதோடு நின்று, காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் சரிபார்க்கிற வேலைக்குப் போனேன். சுகி பன்னிரண்டாவது முடித்தாள். முடித்த கையோடு இறாலுக்குத் தலை கிள்ளும் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த வேலையில் கை நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் இருக்கும். விரல் நுனி வெளுத்து, தோல் உரியும். பாதிப் பேர் ஒரு மாதத்தில் ஓடிவிடுவார்கள். இவள் ஓடவில்லை. எந்தப் பெட்டியில் ஐஸ் போதவில்லை என்று பெட்டியைத் தொட்டே சொல்ல ஆரம்பித்தாள். ஐந்தாறு வருஷத்தில் ஒரு ஷிப்டே அவள் பொறுப்புக்கு வந்தது.

"கெட்டுப்போவாம இருக்கணும்னா ஐசு. ஐசு இன்னும் சில்லுனு ஆவணும்னா உப்பு. அவ்ளோதான்க்கா என் படிப்பு" என்று சிரிப்பாள்.

கல்யாணம் ஆகி இரண்டாவது வருஷம் கழுத்தில், தாடைக்குக் கீழே, கொட்டைப் பாக்கு அளவில் ஒரு கட்டி வந்தது. வலி இல்லை. பல்லால் வந்தது என்று ஒருவர் மாத்திரை கொடுத்தார். பனியில் வேலை செய்வதால் வந்தது என்று இன்னொருவர் சொன்னார். கட்டி பெருகிக்கொண்டே போனது. அவள் புருஷன் அன்புராஜ் சிப்காட்டில் கம்பி உருட்டும் ஆலையில் வேலை பார்க்கிறார், அதிகம் பேசாத மனுஷன். ஒரு நாள் அவரே லீவு போட்டு அவளைச் சென்னைக்கு ரயில் ஏற்றிக் கூட்டிப்போனார். கட்டியில் ஒரு துண்டு வெட்டி எடுத்துப் பார்த்து, நிணநீர்க் கணுக்களில் வருகிற ரத்தப் புற்றுநோய் என்றார்கள்.

அப்போதுதான் எல்.டி.எச். என்ற பேரை நாங்கள் முதலில் கேட்டோம். உடம்பில் உள்ள எல்லா செல்லுக்குள்ளும் இருக்கிற ஒரு நொதி அது. செல் சாகும்போது, உடையும்போது, அது கசிந்து ரத்தத்தில் கலக்கும். எல்லோர் ரத்தத்திலும் கொஞ்சம் இருக்கும். இந்த மாதிரிப் புற்றில் செல்கள் வேகமாகப் பெருகி வேகமாகச் சாவதால் அந்த அளவு ஏறும். டாக்டர் அம்மா இதை எங்களுக்குப் பொறுமையாகச் சொன்னார். "இதை மட்டும் வெச்சு கேன்சர்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. ஈரல் கெட்டாலும் ஏறும், சதை அடிபட்டாலும் ஏறும். ஆனா உங்க தங்கச்சிக்கு வைத்தியம் கேக்குதான்னு பார்க்க இது நல்ல வழி" என்றார். இருநூற்றைம்பதுக்குள் இருக்க வேண்டியது சுகிக்கு எண்ணூற்று எழுபது இருந்தது.

ஆறு தடவை மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது. "தலைக்கு வலை போடற வேல மிச்சம்" என்றாள். ஆறும் முடிந்தபோது கட்டி இல்லை. எல்.டி.எச். நூற்று எண்பதுக்கு இறங்கிவிட்டது. ஸ்கேனும் சுத்தம்.

அன்றைக்கு அவள் டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "மேடம், கொழந்த பெத்துக்கலாமா?"

"ரெண்டு வருஷம் போகட்டும். பெரும்பாலும் திரும்ப வர்றதுன்னா அதுக்குள்ள வந்துடும். ரெண்டு வருஷம் ரத்தம் சரியா இருந்து, ஸ்கேனும் சரியா இருந்தா நானே உங்கள பெத்துக்கங்கன்னு சொல்றேன்."

அந்த இரண்டு வருஷம்தான் அதற்கப்புறம் அவளுக்கு வாழ்க்கை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் கொடுக்க வேண்டும். அதற்காகச் சென்னை வரைக்கும் அலைய வேண்டாம், உள்ளூரிலேயே பார்த்து முடிவைக் கொண்டு வந்தால் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆரம்பாக்கத்தில் சுகிக்குப் பக்கத்து வீட்டு கிறிஸ்டினா, கும்மிடிப்பூண்டியில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். காலையில் அவள் வீட்டிலேயே ரத்தம் எடுத்துக் கொடுப்பாள். சுகி வேலைக்குப் போகிற வழியில் டியூபை லேபில் கொடுத்துவிடுவாள். நூற்றுத் தொண்ணூறு, நூற்று எழுபத்தைந்து என்று வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் எனக்குப் போன் செய்து நம்பரைச் சொல்வாள். பின்னாலிருந்து அன்புராஜின் குரல் கேட்கும். "பாஸா பெயிலான்னு மட்டும் சொல்லு, மார்க்கெல்லாம் எதுக்கு?"

ஒன்றரை வருஷம் ஆன சமயம். கம்பெனியில் ஏற்றுமதி நெருக்கடி, காலை ஷிப்ட் சீக்கிரமே ஆரம்பித்தது. லேப் திறக்கிற வரைக்கும் காத்திருக்க முடியாது, சாயந்திரம்தான் கொடுக்க முடியும். அவ்வளவு நேரம் ரத்தம் கெடாமல் இருக்க வேண்டுமே என்று யோசித்தாள். இறால் சாம்பிளைச் சோதனைக்கு அனுப்புகிற சின்ன தெர்மாகோல் பெட்டி ஒன்று வீட்டில் இருந்தது. அதில் ஐஸை நொறுக்கிப் போட்டு, கல் உப்பைத் தூவி, நடுவில் டியூபைப் புதைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினாள். கம்பெனி வாசலில் இருக்கிற டைம் ஆபீஸில் பையோடு வைத்துவிட்டு உள்ளே போனாள். சாயந்திரம் லேபில் பெட்டியைப் பிரித்துக் கொடுத்தபோது, டியூப் கல் மாதிரி இருந்ததாம். நன்றாக வைத்திருக்கிறோம் என்று அவளுக்குத் திருப்தி.

எல்.டி.எச். ஆயிரத்து நூற்று நாற்பது என்று வந்தது.

அன்றைக்கு அவள் எனக்குப் போன் செய்யவில்லை. அன்புராஜ்தான் செய்தார். "அக்கா, வந்துட்டுதுபோல" என்றார். நான் திருவள்ளூரிலிருந்து கிளம்பி சென்ட்ரலுக்குப் போனேன். அவர்கள் ஆரம்பாக்கத்திலிருந்து வந்தார்கள். ரயிலில் வரும்போதே தடவித் தடவி சுகியின் கழுத்து சிவந்து போயிருந்தது.

டாக்டர் அவளைப் படுக்க வைத்து, கழுத்து, அக்குள், வயிறு எல்லாம் அழுத்திப் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை. அப்புறம், "ரத்தம் எங்க குடுத்தீங்க? எப்படிக் குடுத்தீங்க?" என்று கேட்டார்.

"நல்லா பத்திரமாதான் மேடம் எடுத்துகினு போனேன். ஐசுல, உப்பு போட்டு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏம்மா, ரத்தம் என்ன இறாலா?"

சிவப்பணுவுக்குள் இந்த நொதி நிறைய இருக்கிறதாம். ரத்தம் பனிக்கட்டியாக உறைந்தால் அணுக்கள் டியூபுக்குள்ளேயே வெடித்து, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். அதை அளந்தால் உடம்பில் இல்லாதது எல்லாம் இருப்பதாகக் காட்டும். அங்கேயே புதிதாக ரத்தம் எடுத்தார்கள். சாயந்திரம் முடிவு வந்தது. நூற்றுத் தொண்ணூற்றாறு.

அன்றைக்கு சென்ட்ரலில் மூன்று பேரும் பிரியாணி சாப்பிட்டோம். அன்புராஜ் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. "ஊர் ஒலகத்துல யாருக்காச்சும் இறால் கேன்சர் வந்து பாத்துக்கிறீங்களா அக்கா? என் பொண்டாட்டிக்கு வந்துது. ஒரே நாள்ல சரியாப்பூட்ச்சு" என்றார். சுகி அவர் தொடையில் கிள்ளினாள். அதற்கப்புறம் அவர்கள் வீட்டில் எது தப்பாகப் போனாலும், குழம்பில் உப்புக் கூடினாலும், கரண்டு பில் அதிகம் வந்தாலும், "ஐசுல வெச்சிருப்பாங்க" என்பது பேச்சாகிவிட்டது.

இரண்டு வருஷம் முடிகிற நேரம் வந்தது. கிறிஸ்டினா ஊருக்குப் போயிருந்ததால், இந்தத் தடவை சுகி லேபிலேயே போய் ரத்தம் கொடுத்தாள். முந்நூற்று எண்பத்தெட்டு.

எனக்குச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு பதற்றமும் இல்லை. "அந்தப் பொண்ணு புதுசுக்கா. நரம்பு கெடைக்காம மூணு தபா குத்திச்சு. அதான் ரத்தம் ஒடைஞ்சிருக்கும்."

"இருக்கலாம் சுகி. இன்னொரு தரம் குடுத்துப் பாத்துடு."

"குடுக்கலாம் குடுக்கலாம். இன்னா அவசரம்?"

"நாளைக்கே குடு."

"போன தபா ஆயிரத்துக்கு மேல வந்துது. இன்னா ஆச்சு? ஒண்ணும் இல்ல. இது அதுல பாதிகூட இல்ல."

அன்புராஜிடம் பேசினேன். அவரும் அதையே சொன்னார். அவருக்கு அதை நம்ப வேண்டியிருந்தது. அவர் அம்மா அந்த மாதம்தான் வீட்டுக்கு வந்து, ஆலையில் கூட வேலை செய்கிறவன் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று அவரைக் கூட்டிப் போய், நம் வீட்டில் எப்போது என்று கேட்டிருந்தார்கள்.

டாக்டரைப் பார்க்க வேண்டிய நாள் வந்தது. சுகி போகவில்லை. கன்டெய்னர் கிளம்புகிறது, லீவு இல்லை என்றாள். அடுத்த வாரமும் போகவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமை ஆரம்பாக்கத்துக்குப் போனேன். காலை ஜெபம் முடிந்து அவள் வீட்டுக்கு வந்து நாஷ்டா செய்துகொண்டிருந்தாள். ரவிக்கைத் தோள் இறங்கி, ஒரு பக்கம் ஊக்கு குத்தியிருந்தாள். கொடியில் தலையணை உறை இரண்டு காய்ந்தது. முந்தின வாரம் வந்தபோதும் காய்ந்தது. உடம்பு இளைத்தாலோ, ராத்திரியில் வேர்த்து நனைந்தாலோ உடனே வர வேண்டும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

"ராத்திரி வேர்க்குதா?" என்றேன்.

"மே மாசம்க்கா. உனக்கு வேர்க்கல?"

"தலையணை நனையற அளவுக்கு எனக்கு வேர்க்கல."

அவள் தோசையைத் திருப்பினாள்.

"சுகி, சும்மா போயி ஒரு தரம் குடுத்துட்டு வா. தப்பா வந்துருந்தா தப்புன்னு தெரிஞ்சுடும்ல?"

"தப்புதான். நான்தான் சொல்றேன்ல."

"நீ சொன்னா போதுமா? டாக்டர் சொல்லணும்."

அவள் திரும்பினாள். கையில் தோசைக் கரண்டி. "உனக்கு இன்னாக்கா? ரெண்டு பெத்துட்ட. உனக்கு நம்பரு வேணும். எனக்குக் கொழந்த வேணும். இப்ப போனா அவங்க இன்னா சொல்வாங்க? மறுபடியும் ஸ்கேன், மறுபடியும் மருந்து, மறுபடியும் ரெண்டு வருஷம். எனக்கு முப்பத்திரண்டு ஆவுது. எத்தினி ரெண்டு வருஷம் இருக்குது எனக்கு?"

இருந்த இரண்டு தோசையைச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். அன்புராஜ் ஸ்டேஷன் வரைக்கும் வண்டியில் கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது, "அக்கா, எனக்கும் பயம்தான். ஆனா அவகிட்ட நான் எப்பிடி சொல்றது? நான் சொன்னா, கொழந்த இல்லாட்டி போவுதுன்னு சொல்ற மாதிரி ஆயிடும்" என்றார்.

அந்த வாரம் புதன்கிழமை சாயந்திரம் சுகியே போன் செய்தாள். பின்னால் கம்பெனி பஸ் ஓடுகிற சத்தம் கேட்டது.

"அக்கா, இன்னிக்கு ஒண்ணு நடந்துது. செல்வி இருக்காள்ல, என் லைன்ல புதுசா சேந்தவ. ஒரு பெட்டில மீட்டர குத்திப் பாத்தா. சூடு ஜாஸ்தியா காட்டிச்சு. 'மீட்டரு தப்பு மேடம், அனுப்பிடலாம்'னா. நான் வழக்கமா சொல்றதுதான் சொன்னேன். பெட்டிய ஓரமா எடுத்து வை, வேற மீட்டரு கொண்டா, அது வரைக்கும் எதயும் அனுப்பாதன்னு."

"சரி. அப்புறம்?"

"வேற மீட்டரு கொண்டாந்து பாத்தோம். செல்வி சொன்னதுதான் சரி. பெட்டி நல்லாதான் இருந்துது. மீட்டருதான் பேஜாரு."

"அப்ப நல்லதுதானே."

"நல்லதுதான்க்கா." பஸ்ஸை விட்டு இறங்குகிற சத்தம் கேட்டது. "அவ சொன்னது சரியா இருந்தும் நான் பாக்காம அனுப்பல. நாளைக்கு லீவு சொல்ட்டேன். நீ சென்ட்ரலுக்கு வந்துடறியா? அவரும் வர்றாரு."

மறுநாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்த நர்ஸ் கைதேர்ந்தவர். ஒரே குத்தில் கிடைத்தது. சுகி, ஊசி போகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டியூபை ஸ்டாண்டில் வைத்ததும், "சிஸ்டர், ஒடனே குடுத்துடுவீங்களா? நேரா போயிடுமா?" என்று கேட்டாள். "அஞ்சு நிமிஷத்துல லேப்ல இருக்கும்மா" என்றார் அவர்.

நானூற்று ஐம்பத்திரண்டு.

டாக்டர் கோபிக்கவில்லை. ஏன் இத்தனை வாரம் தள்ளினீர்கள் என்று மட்டும் கேட்டார். சுகி, "போன தபா மாதிரி இருக்கும்னு நெனச்சேன் மேடம்" என்றாள். "நெறைய பேர் அப்படித்தான் நெனைப்பாங்க. நம்பர மட்டும் வெச்சு நானும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஸ்கேன் எடுப்போம்" என்றார். ஸ்கேனில் கழுத்து சுத்தமாக இருந்தது. வயிற்றுக்குள், முதுகெலும்பை ஒட்டி, கையால் அழுத்தினால் தெரியாத ஆழத்தில் கணுக்கள் வீங்கியிருந்தன. ஊசி விட்டு எடுத்துப் பார்த்தார்கள். பழைய நோய்தான், திரும்ப வந்திருந்தது.

இந்தத் தடவை வைத்தியம் வேறு. கடுமையான மருந்து சில தடவை ஏற்ற வேண்டும். அது கேட்டால், அவள் ரத்தத்திலிருந்தே மூல செல்களைப் பிரித்து எடுத்து வைத்துக்கொண்டு, இன்னும் கடுமையான மருந்தைக் கொடுத்து, பிறகு அந்த செல்களை அவளுக்கே திருப்பி ஏற்றுவார்கள். டாக்டர் இதைச் சொல்லி முடித்துவிட்டு, இந்த மருந்துக்குப் பிறகு கருமுட்டை உண்டாவது பெரும்பாலும் நின்றுவிடும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். முட்டையை முன்பே எடுத்து வைக்கிற வழி இருக்கிறது, ஆனால் அதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், இவள் உடம்பு அவ்வளவு நாள் தாங்காது என்றார்.

சுகி அன்புராஜைப் பார்க்கவில்லை. மேஜை மேல் பதித்திருந்த கண்ணாடியைப் பார்த்தபடி, "தள்ளாம அன்னிக்கே வந்திருந்தா முட்ட எடுக்கக் காத்திருந்திருக்கலாமா மேடம்?" என்று கேட்டாள்.

டாக்டர் ஸ்கேன் படத்தை உறைக்குள் போட்டார். "தெரியாதும்மா. இருந்திருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம்."

அன்புராஜ் அப்போதுதான் வாயைத் திறந்தார். "மேடம், எப்ப அட்மிஷன் போடணும்?" என்றார். வெளியே வந்ததும் சுகி அவரிடம், "உங்க அம்மாகிட்ட நான் சொல்றேன். நீங்க சொல்லாதீங்க" என்றாள். அன்றைக்கே சொல்லியும்விட்டாள். அந்த அம்மா அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம்.

இரண்டு தடவை மருந்து முடிந்துவிட்டது. மறுபடியும் முடி இல்லை. வாயெல்லாம் புண், கஞ்சிகூட இறங்குவதில்லை. நான் லீவு போட்டு வார்டில் கூட இருக்கிறேன். கம்பெனியிலிருந்து செல்வி தினமும் போன் செய்து எத்தனை பெட்டி போனது என்று இவளிடம் ஒப்பிக்கிறாள். யாரும் அவளைச் சொல்லச் சொல்லவில்லை. சுகி போனை மார்பில் வைத்துக்கொண்டு கேட்கிறாள்.

நேற்று ரத்த முடிவு வந்தது. நர்ஸ் கட்டிலுக்கே வந்து சொன்னார். "எல்.டி.எச். இருநூத்தி அறுபத்தி ரெண்டு. நல்லா எறங்கியிருக்கு சுகிர்தா. மருந்து கேக்குது."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்புராஜ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

சுகி எழுந்து உட்கார முயன்றாள். நான் முதுகுக்குத் தலையணை வைத்தேன். "சிஸ்டர், இன்னொரு தபா எடுத்துப் பாக்கறீங்களா?" என்றாள். வாய்ப்புண்ணால் வார்த்தை சரியாக வரவில்லை.

"எதுக்கும்மா? நல்லாத்தானே வந்திருக்கு?"

"ஆமா. நல்லா வந்துருக்குதே, அதான் கேக்கறேன்."

நர்ஸ் என்னைப் பார்த்தார். இருக்கிற ரத்தமே குறைவு, தேவையில்லாமல் எடுக்க மாட்டோம், அடுத்த மருந்துக்கு முன்னால் எப்படியும் எடுப்போம், அது வரைக்கும் பொறுத்துக்கொள் என்று அவளுக்குச் சொன்னார். சுகி சரி என்று தலையாட்டினாள். ஆனால் ரத்தம் எடுப்பதற்காக மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை அவள் இறக்கிவிடவில்லை. நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போய், அதற்கடுத்த கட்டிலுக்கும் போன பிறகு, அன்புராஜ்தான் மெதுவாக அதை இறக்கிவிட்டார்.